ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சா?

மணிக்கொரு தடவை தானாகவே ரீஸ்டார்ட் ஆகும்படி ஒரு சர்வரை ஒரு மகானுபாவர் அமைத்துவைத்திருந்தார். போன திங்கட்கிழமை விடியற்காலையில் அதை என் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கு வியாழக்கிழமை. எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டில் என் முன்னால் ரீஸ்டார்ட் என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை. நேற்று பெரியவளின் போன் மாட்டிக்கொண்டபோது, அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆஃப் செய்துவிட்டு வந்தாள்.

உங்களைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. போகிற போக்கில் திட்டுவேன், அது வேறு. ரீஸ்டார்ட் செய்வதற்கென்று ஒரு சரியான தருணம் இருக்கிறது. அது எது என்று நாலு பேருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

மணமேல்குடியில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன் என்றால் ஊர் அகராதியில் அதற்குப் பிரிண்டரில் மாட்டிய தாளை உருவிக் கொடுப்பவன் என்று பொருள். ஆதாரில் பெயர் திருத்தவும் வருவார்கள். கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கும் என் மச்சான் ஒருவர்தான் எனக்குச் சர்வர் தெரியும் என்று நம்புகிறவர். அவர் ஒரு இணையதளம் நடத்துகிறார். காற்று வேகம், அலை உயரம், ஐஸ் விலை, டீசல் விலை, அன்றைய நண்டு, இறால் விலை எல்லாம் ஒரே பக்கத்தில். அவருடைய சொந்த யோசனை, நல்ல யோசனையும்கூட. ஜெகதாப்பட்டினத்து ஆட்களும் பார்க்கிறார்கள். செய்துகொடுத்தது சென்னையில் இருக்கும் ஒரு பையன். நல்ல பையன்தான். ரீஸ்டார்ட் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

எங்கள் பக்கத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. மச்சானின் தளம் எந்தெந்த நாட்களில் விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? திங்கள், புதன், சனி. அதுவும் விடியற்காலையில், டோக்கன் வாங்கப் போகிற நேரத்தில், படகுக்காரர் ஒவ்வொருவரும் போனைத் திறந்து காற்று எப்படி என்று பார்க்கிற அந்த ஒரு மணி நேரத்தில். பஞ்சாங்கம் பார்த்து விழுகிற தளத்தைக் கண்டால் எவனுக்காவது சந்தேகம் வரவேண்டாமா?

"மாப்ளே, வெள்ளையா ஒரு பக்கம் வந்து ஐந்நூத்தி நாலுங்குது. சில நேரம் ஐந்நூத்தி ரெண்டுங்குது. வெல ஏறி எறங்குற மாதிரி இருக்கு."

"பையன்கிட்ட சொன்னீங்களா மச்சான்?"

"சொன்னேன். ரீஸ்டார்ட் பண்ணிட்டேன், இப்பப் பாருங்கங்குறான். பாத்தா ஓடுது. கொஞ்ச நேரத்துல மறுபடி படுத்துருது. தெனம் அவன எழுப்ப முடியுமா? அதான் தானாவே நடக்குற மாதிரி ஏதோ ஏற்பாடு பண்ணிருக்கானாம்."

ஏற்பாடு என்னவென்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இதில் எரிச்சலின் உச்சம் எது தெரியுமா? மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், தளம் ஒரு தடவைகூட விழவில்லை. அதைத் தன் திறமைக்குச் சான்றாகப் பையன் மச்சானிடம் சொல்லியிருக்கிறான். மச்சானும் அதை அப்படியே என்னிடம் ஒப்பித்தார். விசைப்படகு போகாத நாளில் காற்று வேகம் பார்க்க எவன் முண்டியடித்து வருவான்?

வைஃபை டப்பா, செட்டாப் பாக்ஸ், பத்து மணி தட்கல், ரிசல்ட் நாளில் திறக்காத பக்கம், எல்லாவற்றுக்கும் நம்மிடம் இருப்பது ஒரே மருந்து. மருந்து வேலை செய்துவிடுகிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். வேலை செய்யாமல் போனாலாவது மனிதன் யோசிப்பான். எங்கள் ஊர்க்காரர் குலச்சிறை நாயனார், அறுபத்துமூவரில் ஒருவர், பாண்டியன் நின்றசீர் நெடுமாறனுக்கு அமைச்சராக இருந்தவர். மன்னனுக்கு வெப்பு நோய் வந்து யார் வைத்தியமும் கேட்காமல் கிடந்தபோது, "மன்னா, ஒருதரம் படுத்து எழுந்து பாருங்கள்" என்றா சொன்னார்? அரசி மங்கையர்க்கரசியும் அவருமாக மதுரையில் வந்து தங்கியிருந்த சம்பந்தரை அழைத்து வந்தார்கள். அந்த ஊரில் பிறந்துவிட்டு நான் இதைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள்.

ஆனால் எதிர்க்கட்சிக்கும் பெரிய ஆட்கள் துணை இருக்கிறார்கள், மறைக்கக் கூடாது. 2015இல் அமெரிக்க விமானத்துறை ஓர் ஆணை போட்டது: போயிங் 787 விமானத்தில் குறித்த நாட்களுக்கு ஒரு தடவை மின்சாரத்தை முழுக்க அணைத்துப் போட வேண்டும். ஜெனரேட்டரைக் கவனிக்கிற மென்பொருளில் விநாடியில் நூறில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டே போகிற ஓர் எண்ணி இருந்தது. 248 நாளில் அது நிரம்பி வழிந்துவிடும், வழிந்தால் மின்சாரம் போய்விடும். ஏர்பஸ் ஏ350க்கு ஐரோப்பாவில் 2017இல் இதே மாதிரி ஓர் ஆணை, அங்கே கெடு 149 மணி நேரம். நடுவானில் பறக்கிற வஸ்துவுக்கே ஆஃப் பண்ணி ஆன் பண்ணு என்று சட்டம் போடுகிறார்கள். இதைக் கேள்விப்பட்டால் அந்தப் பையன் துள்ளிக் குதிப்பான். தயவுசெய்து அவனிடம் சொல்லாதீர்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அங்கே முதலில் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், நாள் கணக்குப் போட்டார்கள், அதற்குப் பிறகுதான் அணைக்கச் சொன்னார்கள்.

சரி, சரியான தருணம் எது என்று சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் அந்த வெள்ளைப் பக்கத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பரோட்டாக் கடை. கல் வாசலில் இல்லை, உள்ளே சமையல்கட்டில். நடுவில் சுவர், சுவரில் ஒரு சின்ன ஜன்னல். மேசைக்கு வந்து என்ன வேண்டும் என்று கேட்கிற சப்ளையர்தான் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர். இகோர் சிசோயெவ் என்ற ரஷ்யர் எழுதி 2004இல் வெளியிட்டது. ஒரே ஆள் ஆயிரம் மேசையைப் பார்த்துக்கொள்வார், அப்படிப்பட்ட சப்ளையர். இலை, தண்ணீர், வெங்காயம் எல்லாம் அவரே கொண்டுவந்து வைத்துவிடுவார். இணையதளத்தில் படங்கள், எழுத்துருக்கள் போன்றவை இந்தக் கணக்கு. பரோட்டா மட்டும் அவர் போடமாட்டார். சீட்டு எழுதி ஜன்னல் வழியாக உள்ளே தள்ளுவார். அந்த ஜன்னல்தான் சாக்கெட். உள்ளே இருந்து பக்கத்தைத் தயாரித்துத் தருவது பிஎச்பி-எஃப்பிஎம்.

உள்ளே ஒரு மேஸ்திரி. அவர் மாவைத் தொடமாட்டார். ஆள் வைப்பது, ஆளை அனுப்புவது, எவனாவது மயங்கி விழுந்தால் அந்தக் கல்லுக்கு வேறொருவனைக் கொண்டுவந்து நிறுத்துவது, இவ்வளவுதான் வேலை. அவருக்குக் கீழே மாஸ்டர்கள். பிரித்தவுடன் அப்படியே ஓடவிட்டால் அதிகபட்சம் ஐந்து பேர்.

இந்த ஐந்து பேருமே அந்தக் காலத்தில் கிடையாது. 1990களின் நடுவில் ஒருவர் ஒரு செட் பரோட்டா கேட்டால், தெருவில் போய் ஒரு மாஸ்டரைப் பிடித்துக்கொண்டு வந்து, அடுப்புப் பற்றவைத்து, மாவு பிசைந்து, ஒரு செட் போட்டு, அடுப்பை அணைத்து, மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த மேசைக்காரர் கேட்டால் மறுபடி தெரு. இந்த முறைக்கு சிஜிஐ என்று பெயர். கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தன் பயோடேட்டாவை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ண 1994இல் சின்னச் சின்ன நிரல்கள் எழுதினார். அவைதான் வளர்ந்து பிஎச்பி என்ற நிரல்மொழி ஆயின. அவையும் இப்படித்தான் ஓடின. மாஸ்டரை நிரந்தரமாக வேலைக்கு வைத்துக்கொண்டால் என்ன என்ற ஞானோதயம் ஃபாஸ்ட்சிஜிஐ என்ற பெயரில் வந்தது. பிஎச்பியின் கூடவே ஒழுங்கான மேஸ்திரி ஒருவர் வந்தது 2010இல், 5.3.3 பதிப்பில். இன்று வேர்ட்பிரஸ் தளங்கள் எல்லாம் பிஎச்பிதான். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஓடுகிற மீடியாவிக்கியும் பிஎச்பிதான். நீங்கள் நாளெல்லாம் இந்தக் கடையில்தான் சாப்பிடுகிறீர்கள்.

இப்போது எண்களுக்கு வருவோம். 404 என்றால் கேட்ட ஐட்டம் கடையில் இல்லை. அது கௌரவமான பதில். 502 என்றால் சப்ளையர் ஜன்னலுக்குப் போனார், ஜன்னல் சாத்தியிருந்தது. அல்லது தட்டு வெளியே வரும்போதே உள்ளே ஆள் விழுந்துவிட்டான். 504 என்றால் ஜன்னல் திறந்திருக்கிறது, சீட்டையும் வாங்கிக்கொண்டார்கள், 60 விநாடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார், ஒன்றும் வரவில்லை, திரும்பிவிட்டார். இரண்டும் வேறு வேறு நோய். மச்சான் விலை ஏறி இறங்குவதாக நினைத்ததில் தவறே இல்லை. பையனும் அப்படித்தானே நினைத்திருக்கிறான்.

பக்கம் வரவில்லை என்றதும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கீழே இழுத்து விடுகிறீர்கள், மறுபடி சுற்றுகிறது. இதையே கடையில் பாருங்கள். மேசை மூன்றில் இருப்பவர் ஒரு செட் கேட்டார். வரத் தாமதம். எழுந்து வெளியே போய், உடனே திரும்பி வந்து, புதிய ஆள் மாதிரி உட்கார்ந்து மறுபடி ஒரு செட் கேட்கிறார். உள்ளே இருக்கிற மாஸ்டருக்குப் பழைய ஆள் போய்விட்ட சங்கதி தெரியாது. தட்டை நீட்டும்போதுதான் தெரியும். ஆகவே முதல் செட்டைப் போட்டுக்கொண்டே இருக்கிறார். இரண்டாவது சீட்டு இரண்டாவது மாஸ்டருக்குப் போகிறது. இவர் ஐந்து தடவை எழுந்து உட்கார்ந்தால் கடையின் ஐந்து மாஸ்டர்களும் இவர் ஒருவருக்காக வியர்த்துக்கொண்டிருப்பார்கள். மற்ற மேசைகள் பட்டினி. அவர்களும் எழுந்து எழுந்து உட்கார்வார்கள். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விடியற்காலையில் நடப்பது இதுதான்.

மாஸ்டர் ஒருவர் 30 விநாடிக்கு மேல் ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்று பிஎச்பியில் சட்டம் உண்டு. படித்தவுடன் நிம்மதியாக இருக்கும். ஆனால் லினக்ஸில் அந்த 30 விநாடி, மாஸ்டர் கையால் மாவு தட்டுகிற நேரத்துக்கு மட்டும்தான். முட்டைக்காரனுக்குப் போன் போட்டுவிட்டு அவன் எடுக்கும்வரை காதில் வைத்துக்கொண்டு நிற்கிற நேரம் கணக்கில் வராது. அவர் நின்றுகொண்டே இருக்கலாம். சட்டப்படி அவர் வேலையே ஆரம்பிக்கவில்லை. அரசு அலுவலகங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

எத்தனை மாஸ்டர் சும்மா இருக்கிறார்கள் என்று உள்ளே கேட்க ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். கேட்டால் பதில் சொல்ல ஒரு மாஸ்டர் வேண்டும். ஐந்து பேரும் மாட்டிக்கொண்டிருக்கும்போது "எவனாவது சும்மா இருக்கீங்களாடா?" என்ற கேள்வியும் சீட்டோடு சீட்டாக வரிசையில் நிற்கும். இதற்கென்று தனி வாசல் வைக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியது 8.0 பதிப்பில்தான், 2020இல்.

கொத்து பரோட்டாவை விட்டுவிட்டேன். ஒரு கல்லில் எவ்வளவு கொட்டலாம் என்பதற்கும் அளவு உண்டு, 128 எம்பி. எவனாவது கல்யாண வீட்டுக்கு மொத்தமாகக் கொத்து கேட்டால் கல் நிரம்பும், மாஸ்டர் கரண்டியைக் கீழே போட்டுவிடுவார், மேசைக்கு 500 என்று இன்னோர் எண் வரும். பார்சலைப் பற்றியும் சொல்லலாம். வேண்டாம். சால்னா மட்டும் ஒரு வார்த்தை: அது தரவுத்தளம். எல்லா மாஸ்டருக்கும் பொது அண்டா. அண்டாவில் கரண்டி மாட்டிக்கொண்டால் ஐந்து பேரும் வரிசையில் நிற்பார்கள். அந்த நேரமும் அந்த 30 விநாடியில் சேராது.

இந்தக் கடையில் ரீஸ்டார்ட் என்றால் என்ன? கல்லில் பாதி வெந்ததைக் குப்பையில் கொட்டி, ஐந்து மாஸ்டரையும் வெளியே தள்ளி, ஷட்டரை இறக்கி, உடனே ஏற்றி, வேறு ஐந்து பேரை நிறுத்துவது. காத்திருந்த சீட்டுகளும் கிழிந்து போகும். அதனால்தான் ஐந்து நிமிடம் கடை அமோகமாக ஓடுகிற மாதிரி தெரிகிறது. முட்டைக்காரன் இன்னும் போனை எடுக்கவில்லை. புது மாஸ்டர்களும் அவனுக்குத்தான் போன் போடப் போகிறார்கள். இதை மணிக்கொரு தரம், ஆள் மேற்பார்வைகூட இல்லாமல், பசித்தவன் வாயில் பாதிப் பரோட்டா இருக்கும்போது.

சுருக்கமாகச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? பரோட்டாவை எடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

திங்கட்கிழமை நாலு மணிக்கே எழுந்து கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடினால் வீட்டில் ஒரு மரியாதை உண்டு. பால்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பேங்க் வேலையா சார்?" என்றார். நான் மறுக்கவில்லை.

கமாண்ட் லைனில் பிஎச்பியைச் சோதிப்பதில் எல்லோரும் விழுகிற ஒரு குழி இருக்கிறது. பக்கத்தின் கோப்பை நேராக பிஎச்பி என்று தட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். அழகாக ஓடும். "என் பக்கம் எல்லாம் சரி" என்று பதில் அனுப்பிவிடுவார்கள். டெபியன், உபுண்டு சர்வர்களில் கமாண்ட் லைன் பிஎச்பிக்குத் தனி அமைப்புக் கோப்பு, எஃப்பிஎம்முக்குத் தனி. கமாண்ட் லைனில் நேரக் கெடு கிடையாது, நினைவக வரம்பும் கிடையாது, ஓட்டுகிறவர் பெரும்பாலும் ரூட். சாவி எல்லாம் கையில் இருக்கிறவனுக்கு எந்தக் கதவுதான் பூட்டியிருக்கும்? அங்கே ஓடியதால் இங்கே ஓடும் என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை. பையன் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

செய்ய வேண்டியது சப்ளையரை விட்டுவிட்டுக் கொல்லைப்புறமாகப் போய் ஜன்னலில் நேராகக் கேட்பது. இதற்கென்றே சிஜிஐ-எஃப்சிஜிஐ என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. எந்தக் கோப்பு, எந்த முறையில் கேட்கிறோம் என்று இரண்டு மூன்று விவரத்தை முன்னால் எழுதி, சாக்கெட்டின் விலாசத்தைக் கொடுத்து எண்டரைத் தட்டினால், என்ஜின்எக்ஸுக்கே தெரியாமல் எஃப்பிஎம்மிடம் பேசலாம். மூன்று விதமான பதில் வரும். தட்டியவுடன் மறுப்பு வந்தால் எஃப்பிஎம் உயிரோடு இல்லை, அல்லது விலாசம் தப்பு. கோப்பு கிடைக்கவில்லை என்று வந்தால் ஆள் இருக்கிறார், நாம் கொடுத்த பாதை தப்பு. கூடவே முதன்மை நிரல் தெரியவில்லை என்று ஒரு வரி விழும். ஒரு பதிலும் வராமல் கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நின்றால் ஐந்து பேரும் கையில் வேலையோடு இருக்கிறார்கள். ஒரே வரி உள்ள, வணக்கம் என்று மட்டும் சொல்லும் கோப்பு ஒன்றை வைத்து நாலரைக்குக் கேட்டேன். உடனே வணக்கம் சொன்னது. ஐந்து மணிக்கு மேல் கேட்டேன். கர்சர் கண் சிமிட்டியது.

மச்சான் கூப்பிட்டார். "மாப்ளே, படுத்துருச்சு. தட்டிவிடவா?" பையன் அவருக்கும் ஒரு பட்டன் செய்து கொடுத்திருக்கிறான்! படகில் நின்றுகொண்டே போனிலிருந்து ரீஸ்டார்ட் செய்யலாம்.

"மச்சான், கைய வச்சீங்கன்னா இனிமே உங்க வீட்டுக்கு வரமாட்டேன்."

"சரி சரி. காத்து என்ன வேகம்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

எஃப்பிஎம்மின் பதிவேட்டைத் திறந்தேன். அதில் திங்கள், புதன், சனி தவறாமல் ஒரே வரி. மாஸ்டர்களின் எண்ணிக்கை ஐந்து என்ற உச்சவரம்பைத் தொட்டுவிட்டது, கூட்டுவது பற்றி யோசியுங்கள் என்று எவ்வளவு மரியாதையாக எழுதிவைத்திருக்கிறது! கத்தவில்லை, திட்டவில்லை, யோசியுங்கள் என்கிறது. மாதக்கணக்கில் எழுதியிருக்கிறது. ஒருவரும் படிக்கவில்லை. எனக்கு அந்த மேஸ்திரியை நினைத்துப் பாவமாக இருந்தது.

எவன் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று பார்க்க எஃப்பிஎம்மில் ஸ்லோலாக் என்று ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நாம் வைத்த கெடுவுக்கு மேல் தாமதித்த மாஸ்டர் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் நிற்கிறார் என்று எழுதிவிடும். அதை இயக்கலாம் என்று கோப்பைத் திறந்து மாற்றியும் விட்டேன். மாற்றம் நடப்புக்கு வர எஃப்பிஎம்மை ரீலோட் செய்ய வேண்டும். ரீலோட் என்றால் இந்த இடத்தில் ரீஸ்டார்ட்டின் ஒன்றுவிட்ட தம்பி. சிரிக்காதீர்கள். செய்தால் மாட்டிக்கொண்டிருக்கும் ஐந்து பேரும் அடித்துக்கொண்டு போவார்கள், சாட்சி அழியும். வெறும் பிடிவாதத்துக்காக ஸ்ட்ரேஸ் என்ற கருவியை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த மாஸ்டர் ஒருவரின் தலைமேல் உட்கார்ந்தேன். விநாடிக்கொரு தரம் ஏதோ ஒரு வெளியூர்த் தொடர்பில் பதில் வந்ததா என்று பார்க்கிறார், வரவில்லை, மறுபடி பார்க்கிறார். அடுத்தவர் தலையில் உட்கார்ந்தேன். அதே. ஐந்து பேரும் அதே.

காற்று வேகம். பக்கத்தை ஒருவர் திறக்கிற ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டு வானிலைச் சேவை ஒன்றிடம் போய்க் காற்று வேகம் கேட்டுவரும்படி பையன் எழுதியிருந்தான். இலவசச் சேவை. அடிக்கடி கேட்டால் அவர்கள் இழுத்தடிப்பார்கள். இழுத்தடித்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நிரலில் சொல்லவில்லை. அப்படிப் போய்க் கேட்டுவருகிற கர்ல் என்ற கருவிக்கு நாம் சொல்லாவிட்டால் மொத்தக் கெடு என்று ஒன்று கிடையாது, பதில் வரும்வரை நிற்கும். ஒரே கடற்கரை, ஒரே காற்று. அதை இருநூறு பேருக்காக இருநூறு தடவை போய்க் கேட்பானேன்? கால் மணிக்கு ஒருமுறை கேட்டு ஒரு கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அதையே காட்டினால் போதும். காத்திருக்க ஐந்து விநாடி கெடு. நாலைந்து வரி மாற்றம். நேரம் குறித்து வேலைகளைத் தானாக ஓட்டுகிற க்ரான் கோப்பில், பையனின் மணிக்கொரு ரீஸ்டார்ட் இருந்த அதே இடத்தில், அந்த வரியை அழித்துவிட்டு இதைப் போட்டேன். அழிக்கும்போது விசையைத் தேவைக்கு மேல் அழுத்தமாகத் தட்டினேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

புதன்கிழமை விடியற்காலையில் தளம் நின்றது. நின்றது என்றால் விழாமல் நின்றது. மச்சானுக்குப் போன் போட்டு, மாஸ்டர்கள், ஜன்னல், முட்டைக்காரன் எல்லாவற்றையும் விளக்கினேன். படகில் இருந்தார், இரைச்சல். பொறுமையாகக் கேட்டார்.

"புரியுது மாப்ளே. அப்ப நீங்களும் கடைசில ரீஸ்டார்ட்தான் பண்ணிருக்கீங்க. கொஞ்சம் நல்லாப் பண்ணிருக்கீங்க."

பையனுக்கும் எழுதினேன். அரைமணி நேரத்தில் பதில் வந்தது. நன்றி அண்ணா என்று ஆரம்பித்து, இனிமேல் பிரச்சினை வராமல் இருக்க அந்த ஐந்தை ஐம்பது ஆக்கிவிட்டதாகவும், அதற்காக ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்ததாகவும் எழுதியிருந்தான். ஐம்பது பேர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிற சமையல்கட்டை நான் சிறிது நேரம் கற்பனை செய்து பார்த்தேன். அந்த சர்வரின் நினைவகம் ஒரு ஜிபி. ஐம்பது மாஸ்டர் நிற்க அங்கே தரை கிடையாது.

இவர்களிடம் ரீஸ்டார்ட்டின் சரியான தருணத்தைப் பற்றிப் பேசி என்ன ஆகப் போகிறது?

உங்களிடம் சொந்தமாகச் சர்வர் இருந்தால் கறுப்புத் திரையைத் திறந்து, எஃப்பிஎம்மின் பூல் கோப்பில் பிஎம் மேக்ஸ் சில்ட்ரன் என்ற வரியைப் பாருங்கள். யாரும் கை வைத்திருக்காவிட்டால் அங்கேயும் 5 என்றுதான் இருக்கும். அதை மாற்றுவதற்கு முன் பதிவேட்டைத் திறந்து கடைசி நூறு வரியைப் படியுங்கள். படிக்காமல் மாற்றிவிட்டு எனக்குப் போன் செய்யாதீர்கள். சனிக்கிழமை விடியற்காலையில் நிச்சயமாகச் செய்யாதீர்கள்.